கடற்கரைக் கல்லூரி ஆய்வகத்தில் ஒளியால் ஸ்பினை இயக்க முடியுமா?

கேள்வி மூன்று பகுதியாக இருக்கிறது. சில அணுக்களின் தடிமனே உள்ள இரு பரிமாணப் பொருட்களில், எலக்ட்ரானின் ஸ்பினை (அதைச் சிறு காந்தம்போல் நடக்கவைக்கும் உட்சுழற்சிப் பண்பை) ஒளி எப்படி இயக்குகிறது? அது குறைந்த மின்சக்தியில் ஓடும் என்கிறார்களே, எவ்வளவு உண்மை, நம் ஊர் வெயிலையே அதற்குப் பயன்படுத்த முடியாதா? மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடையில் உள்ள ஒரு கல்லூரியின் எம்.எஸ்சி. ஆய்வகத்தில், ஹீலியம்-நியான் லேசரும் நல்ல நுண்ணோக்கியும் ஒரு நிறமாலைமானியும் இருந்தால் இதில் எதைச் செய்து பார்க்கலாம்?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒளியை ஸ்பினாக்கி அதை மின்னழுத்தமாகப் படிக்கும் முழுச் சாதனத்தை அங்கே செய்ய முயல வேண்டாம். அதன் ஒளிப் பாதியைச் செய்யலாம், கவனமாகச் செய்தால் ஆராய்ச்சித் தரத்திலேயே செய்யலாம். மாலிப்டினம் டைசல்ஃபைடின் ஓரடுக்கை உரித்தெடுத்து, அதன்மேல் வட்டத் தளவிளைவு ஒளியை (மின்புலம் வலமாகவோ இடமாகவோ சுழன்றபடி வரும் ஒளியை) பாய்ச்சி, திரும்பி வரும் ஒளிர்வில் அந்தச் சுழற்சி எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளப்பதுதான் அந்தப் பாதி. காந்த மின்முனை வைத்து ஸ்பினை மின்னழுத்தமாகப் படிக்கும் மறுபாதியை வெளியூர்ப் பெரிய ஆய்வகத்தில்தான் செய்ய முடியும். கடலோரத்தில் இரண்டு பாதிக்குமே முதல் எதிரி ஈரமும் உப்பும். அதனால் அவற்றுக்குக் கொஞ்சம் அதிக இடம் ஒதுக்குகிறேன்.

முதலில் அடிப்படை. கமுதி சூரியப் பூங்காவின் சிலிக்கான் தகடுகளில் ஒளி விழும்போது எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் விட்டுப்போன காலியிடமும்) பிரிந்து மின்னோட்டமாகின்றன. எந்த ஸ்பின் கொண்ட எலக்ட்ரான் கிளம்பியது என்பது அங்கே பொருட்டில்லை. மாலிப்டினம் டைசல்ஃபைடின் ஓரடுக்கில் அது தெரிவு செய்யப்படுகிறது. இந்த அடுக்கின் தடிமன் சுமார் 0.65 நானோமீட்டர். நடுவில் மாலிப்டினம், மேலும் கீழும் கந்தகம். பல அடுக்காக இருக்கும்போது, எலக்ட்ரானை மேலேற்றத் தேவையான ஆற்றல் இடைவெளி மறைமுகமானது (ஒளிர்வுக்கு உதவாதது), 1.3 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு அருகில். ஓரடுக்காகக் குறைந்ததும் அது நேரடி இடைவெளியாகி, அறை வெப்பத்தில் 1.85 எலக்ட்ரான் வோல்ட் அளவில் பளிச்சென்று ஒளிரத் தொடங்குகிறது. இதை 2010-இல் சோதனைகள் காட்டின.

அந்த நேரடி இடைவெளி, படிகத்தின் உந்த வெளியில் (எலக்ட்ரான்களை உந்தத்தின்படி வரிசைப்படுத்தும் வரைபடத்தில்) இரண்டு வகை மூலைகளில் அமைந்திருக்கிறது. இவற்றை 'கே', 'கே-பிரைம்' பள்ளத்தாக்குகள் என்பார்கள். ஓரடுக்குக்குத் தலைகீழ் சமச்சீர் (ஒரு மையத்துக்கு எதிர்ப்பக்கமாக எல்லா அணுக்களையும் மாற்றினாலும் அதே அமைப்பு வருவது) கிடையாது. அதனால் வலஞ்சுழி ஒளி ஒரு பள்ளத்தாக்கில் மட்டும், இடஞ்சுழி ஒளி மற்றதில் மட்டும் எலக்ட்ரானை ஏற்றும். அதோடு ஸ்பின்-சுற்றுப்பாதை இணைப்பும் வலுவானது என்பதால், இணைதிறன் பட்டையின் (கட்டுண்ட எலக்ட்ரான்களின் ஆற்றல் பட்டையின்) உச்சி ஸ்பின் வாரியாகப் பிளந்து நிற்கிறது. பிளவின் அளவு மாலிப்டினம் டைசல்ஃபைடில் சுமார் 0.15, டங்ஸ்டன் டைசெலினைடில் சுமார் 0.45 எலக்ட்ரான் வோல்ட். அறை வெப்பத்தின் ஆற்றல் 0.026 எலக்ட்ரான் வோல்ட்தான் என்பதை வைத்துப் பார்த்தால் இந்தப் பிளவு எவ்வளவு பெரியது என்று புரியும். ஆக, ஒளியின் சுழற்சியை மாற்றினால் பள்ளத்தாக்கு மாறும், பள்ளத்தாக்கோடு ஸ்பினும் மாறும். காந்தம் தேவையில்லை. 2012-இல் கோட்பாட்டுக் கட்டுரையும் மூன்று தனித்தனிக் குழுக்களின் சோதனைகளும் இதை நிலைநாட்டின. ஒன்றை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்த ஸ்பின் தாளின் தளத்துக்குச் செங்குத்தாக நிற்கும். பின்னால் இது முக்கியமாகும்.

சிக்கல் ஆயுளில் இருக்கிறது. ஏற்றப்பட்ட எலக்ட்ரானும் துளையும் ஒன்றையொன்று பல நூறு மில்லி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலால் பிணைத்துக்கொண்டு எக்சிட்டானாக இருக்கின்றன. அவற்றுக்கிடையேயான பரிமாற்ற இடைவினை, பள்ளத்தாக்கைச் சில பிக்கோசெகண்டுகளிலேயே கலைத்துவிடும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 633 நானோமீட்டர் ஒளியில் ஒரு ஃபோட்டானின் ஆற்றல் 3.14 × 10⁻¹⁹ ஜூல். அப்படியானால் 1 மைக்ரோவாட் ஒளி என்பது விநாடிக்கு 3.2 × 10¹² ஃபோட்டான்கள். ஓரடுக்கு அதில் 5 சதவீதம் உறிஞ்சினால் விநாடிக்கு 1.6 × 10¹¹ எக்சிட்டான்கள் உண்டாகும். பள்ளத்தாக்கின் ஆயுள் 5 பிக்கோசெகண்ட் என்றால், எந்தக் கணத்திலும் ஸ்பின்னோடு இருப்பது சராசரியாக 0.8 எக்சிட்டான், அதாவது ஒன்றுகூட இல்லை. அதே ஸ்பின் 1 நானோசெகண்ட் வாழும் இடத்துக்குப் போய்விட்டால் 160 ஸ்பின்கள் தேங்கி நிற்கும். இந்தத் துறையின் வடிவமைப்பு முழுவதும் இந்த இரண்டு எண்களுக்கு இடையிலுள்ள தூரத்தைக் கடப்பதற்காகத்தான்.

கடக்கும் வழி, கரிம அணுக்களின் ஓரடுக்குத் தாளான கிராஃபீன். கிராஃபீனில் ஸ்பின்-சுற்றுப்பாதை இணைப்பு மிகவும் பலவீனம். அதனால் ஒளியால் நேரடியாக அதில் ஸ்பினை உண்டாக்க முடியாது, ஆனால் வந்து சேர்ந்த ஸ்பின் அதில் நெடுநேரம் நிற்கும். 2007-இல் அறை வெப்பத்தில் மைக்ரோமீட்டர் அளவில் ஸ்பின் நகர்வதைக் காட்டினார்கள். போரான் நைட்ரைடு உறையிட்ட மாதிரிகளில் பிறகு 10 நானோசெகண்டைத் தாண்டிய ஆயுளும், 30 மைக்ரோமீட்டர் அளவு பரவல் தூரமும் கிடைத்தன. எனவே மாலிப்டினம் டைசல்ஃபைடு ஒளியை ஸ்பினாக்கட்டும், கிராஃபீன் அதைச் சுமந்து போகட்டும் என்ற யோசனை 2015-இல் கோட்பாடாக வந்து, 2017-இல் இரண்டு குழுக்களால் செய்து காட்டப்பட்டது. ஒரு குழு மாலிப்டினம் டைசல்ஃபைடையும் மற்றது டங்ஸ்டன் டைசெலினைடையும் கிராஃபீன் மேல் வைத்தன.

இனி மின்சக்தி. "குறைந்த மின்சக்தி" என்ற சொல்லை எந்த எல்லைக்குள் நின்று சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும். சாதனத்துக்குள் மட்டும் பார்த்தால் கூற்று நியாயமானது. கிராஃபீனில் மின்னூட்டம் நகராமலே ஸ்பின் பரவுகிறது. காந்தத்தில் எழுதிய பிட் மின்சாரம் போனாலும் அழியாது. ஆனால் லேசரையும், மாதிரியைக் குளிர்விக்கும் குளிர்பதனியையும் கணக்கில் சேர்த்தால் இன்றைய நிலையில் கூற்று நிற்காது. திரவ ஹீலியம் வெப்பநிலைக்குக் கொண்டுபோகும் மூடிய சுற்றுக் குளிர்பதனி பல கிலோவாட் இழுக்கும்.

ஒளியால் காந்தத்தையே புரட்டும் சாதனங்களிலும் இதே கணக்குதான். நிக்கலின் காந்தம் லேசர் துடிப்பில் ஒரு பிக்கோசெகண்டுக்குள் சரிவதை 1996-இல் கண்டார்கள். காடோலினியம்-இரும்பு-கோபால்ட் கலவையில் ஒளித்துடிப்பே காந்தத் திசையைப் புரட்டுவதை 2007-இல் காட்டினார்கள். அணுத் தடிமன் குரோமியம் டிரைஅயோடைடில் அதே வித்தை 2022-இல் நடந்தது. இவ்வகைக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிஜூல் அளவு துடிப்பு தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 சதுர மைக்ரோமீட்டர் புள்ளிக்கு அது 10 பிக்கோஜூல். இன்றைய காந்த நினைவகத்தில் மின்னோட்டத்தால் ஒரு பிட் எழுத ஏறத்தாழ 0.1 முதல் 1 பிக்கோஜூல் ஆகிறது. பிட்டை 50 நானோமீட்டர் சதுரமாகச் சுருக்கினால் அதன்மேல் விழும் பங்கு 25 ஃபெம்டோஜூல்தான், ஆனால் காட்சி ஒளியை அவ்வளவு சிறிய புள்ளியாக லென்ஸால் குவிக்க முடியாது. மீதி ஒளி சுற்றிலும் வீணாகிறது. அலைவழிகாட்டியாலோ உலோக நுண்ணமைப்பாலோ ஒளியை நெருக்கும் வேலை வெற்றி பெறும்போதுதான் "குறைந்த மின்சக்தி" முழு அர்த்தம் பெறும். என் மதிப்பீட்டில் இத்துறையின் கடினமான இடம் இதுதான். புதிய பொருளைக் கண்டுபிடிப்பது இதைவிட எளிது.

வெயிலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நம் கடலில் எடுக்கும் சங்கில் வலம்புரி அபூர்வம், மற்றதெல்லாம் இடம்புரி. சூரிய ஒளியிலோ இரண்டு சுழியும் சரிபாதி. இரண்டு பள்ளத்தாக்கும் சமமாக நிரம்புவதால் நிகர ஸ்பின் பூஜ்யம். தளவிளைவாக்கியும் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுவது) கால் அலைத் தகடும் (அந்த ஒளியைச் சுழலும் ஒளியாக்குவது) வைத்து ஒரு சுழியை மட்டும் எடுக்கலாம், பாதி ஒளி அதிலேயே போய்விடும். அதோடு, எக்சிட்டான் ஆற்றலைவிட மிக உயர்ந்த ஆற்றலில் ஏற்றினால் எலக்ட்ரான் கீழிறங்கும் வழியிலேயே பள்ளத்தாக்கு கலையும். ஆகவே 10 நானோமீட்டர் அகலம் மட்டும் விட வேண்டும். உச்சி வெயிலில் 630 நானோமீட்டர் அருகே நானோமீட்டருக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 1.4 வாட் கிடைக்கிறது. 10 நானோமீட்டருக்கு 14 வாட், தளவிளைவாக்கிக்குப் பின் 7 வாட். 1 சதுர மைக்ரோமீட்டரில் இது 7 பிக்கோவாட். சூரிய ஒளியை எப்படிக் குவித்தாலும் சுமார் 46,000 மடங்குக்கு மேல் போகாது என்பது ஒளியியலின் எல்லை; அந்த எல்லையைத் தொட்டாலும் 0.3 மைக்ரோவாட்தான். கல்லூரியில் உள்ள 2 மில்லிவாட் லேசர் இதைவிடப் பல ஆயிரம் மடங்கு அதிகம் தரும். வெயிலைத் தகடுகளுக்கே விட்டுவிடலாம்.

இப்போது ஆய்வக வேலை. பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது லேசரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஸ்பின் பிளவு பெரியது என்பதற்காக டங்ஸ்டன் டைசெலினைடு மேல் ஆசை வரும். அதன் எக்சிட்டான் 1.65 எலக்ட்ரான் வோல்ட்டில், 750 நானோமீட்டர் அருகில் இருக்கிறது. 632.8 நானோமீட்டர் லேசரின் 1.96 எலக்ட்ரான் வோல்ட் அதற்கு மிக அதிகம். மாலிப்டினம் டைசல்ஃபைடுக்கோ அது 0.1 எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே கூடுதல். எனவே ஹீலியம்-நியான் லேசருக்கு மாலிப்டினம் டைசல்ஃபைடுதான் ஜோடி. பச்சை 532 நானோமீட்டர் லேசர் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதில் அளந்தால் ஒளிர்வு நன்றாக வரும், சுழற்சி ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. பலர் இங்கேதான் "எங்கள் மாதிரி சரியில்லை" என்று தவறான முடிவுக்கு வருகிறார்கள்.

அடித்தளத்துக்கு 90 அல்லது 285 நானோமீட்டர் ஆக்சைடு வளர்த்த சிலிக்கான் தகடு வேண்டும். அந்தத் தடிமனில்தான் ஓரடுக்கு நுண்ணோக்கியில் நிறவேறுபாட்டோடு கண்ணுக்குத் தெரியும். 1 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, அசிட்டோனிலும் பிறகு ஐசோபுரொப்பனாலிலும் 5 நிமிடம் வீதம் மீயொலித் தொட்டியில் வையுங்கள். அசிட்டோன் தகட்டின்மேல் காய விடக் கூடாது, கறை விழும். நைட்ரஜன் ஊதிக் காயவைத்து, ஹாட் பிளேட்டில் 120 டிகிரியில் 10 நிமிடம் சுடுங்கள். நம் கரையில் இந்தச் சூடுபடுத்தலைத் தவிர்க்கவே முடியாது, ஏனென்றால் கழுவிய ஆக்சைடு காற்றிலிருந்து நீர்ப்படலத்தை உடனே ஏற்றிக்கொள்ளும்.

படிகத்தை டேப்பில் ஒட்டி மடித்து மடித்துப் பிரிக்கும் முறை, 2004-இல் மான்செஸ்டரில் கிராஃபீனைப் பிரித்த அதே முறைதான். சாதாரண செல்லோ டேப் பசையை விட்டுச் செல்லும். குறைக்கடத்தித் தகடு வெட்டுபவர்கள் பயன்படுத்தும் நீல நிற நிட்டோ டேப் சுத்தமானது. நாலைந்து முறை மடித்தால் போதும், அதற்கு மேல் மடித்தால் துண்டுகள் பொடியாகும். தகடு சூடாக இருக்கும்போதே டேப்பை வைத்து, கட்டைவிரலால் அழுத்தி, 100 டிகிரியில் 1 முதல் 2 நிமிடம் விட்டு, ஆறவைத்து, மிக மெதுவாக உரியுங்கள். ஒரு நல்ல தகட்டில் 5 முதல் 20 மைக்ரோமீட்டர் அளவுள்ள சில ஓரடுக்குத் துண்டுகள் கிடைத்தால் திருப்திப்படலாம்.

ஓரடுக்குதானா என்பதை நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ராமன் நிறமாலையில் (அணு அதிர்வுகளால் ஆற்றல் மாறிச் சிதறும் ஒளியின் நிறமாலையில்) 385, 404 அலை எண்களுக்கு (சென்டிமீட்டருக்கு இத்தனை அலை என்ற அலகு) அருகே வரும் இரண்டு கோடுகளின் இடைவெளி ஓரடுக்கில் 18 முதல் 20 அலை எண், தடித்த படிகத்தில் 25. ஒளிர்வின் பிரகாசமும் சொல்லிவிடும்: ஈரடுக்கு சட்டென்று மங்கும்.

இப்போது ஈரமும் உப்பும். காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) தன் அரிமானச் சோதனைக்கு மண்டபத்தைத் தேர்ந்ததே அந்தக் காற்றின் கடுமைக்காகத்தான். தென்மேற்குக் காற்று வீசும் கச்சான் காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கமும், வாடை காலத்தில் பாக் நீரிணைப் பக்கமும் அலை பொங்கி உப்புத் துளியைக் காற்றில் ஏற்றும். சாதாரண உப்பு, ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். நம் கரையில் இரவுகளில் அந்த அளவு அடிக்கடி தாண்டுவதால், தகட்டில் விழுந்த உப்புத் துகள் துகளாக இராமல் கரைசல் துளியாகப் படர்கிறது. இதன் பாதிப்பு மூன்று இடங்களில் தெரியும். உப்புப் படலத்தின்மேல் ஒட்டிய ஓரடுக்கு சுருங்கிக் குமிழ் விடும். நீரும் ஆக்சிஜனும் சேர்ந்து, லேசர் ஒளி பட்ட இடத்தில் அரிப்பைத் தூண்டும். டங்ஸ்டன் டைசல்ஃபைடு இதில் குறிப்பாக மோசம். மூன்றாவதாக, சோடியம் அயனிகள் சிலிக்கான் ஆக்சைடுக்குள் நகரக்கூடியவை. கீழே கேட் மின்னழுத்தம் (அடித்தளம் வழியே எலக்ட்ரான் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் மின்னழுத்தம்) கொடுத்தால் அவை ஊர்ந்து, ஒவ்வொரு முறையும் வேறு வளைகோட்டைத் தரும். 1960-களில் டிரான்சிஸ்டர் தொழிலையே அலைக்கழித்த பிரச்சினை இதுதான், கடற்கரையில் அதை மறுபடி சந்திப்பீர்கள். வெறுங்கையால் தகட்டைத் தொடுவதும் அதே சோடியத்தைத்தான் வைக்கிறது. கையுறை, இடுக்கி, அயனி நீக்கிய நீரில் கடைசி அலசல் மூன்றும் கட்டாயம். ஆர்.ஓ. நீர் இதற்குப் போதாது.

ஏசி போட்டால் ஈரம் போய்விடும் என்று நினைத்துவிடக் கூடாது. வெளியே 30 டிகிரியும் 80 சதவீத ஈரப்பதமும் இருந்தால் பனிபடும் வெப்பநிலை 26 டிகிரி. அறையை 24 டிகிரியில் வைத்துக் கதவைத் திறந்தால் உள்ளே வரும் காற்று லென்ஸ்மேலும் தகட்டின்மேலும் நீராகப் படியும். அறையை 27 டிகிரிக்குக் கீழே இறக்காமல், தனி ஈரநீக்கி வைத்து ஒப்பு ஈரப்பதத்தை 45 சதவீதத்துக்குக் கீழே பிடிப்பது மேல். மாதிரிகளை சிலிக்கா ஜெல் போட்ட வெற்றிட உலர்கலத்தில் வையுங்கள். ஜெல் நிறம் மாறியதும் 120 டிகிரி அடுப்பில் சில மணி நேரம் வைத்து மீட்டெடுங்கள். நம் ஊரில் அது எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் நிறம் மாறும். இரு பரிமாணக் காந்தங்களைக் கரையில் தொடவே வேண்டாம். 2017-இல் புகழ்பெற்ற குரோமியம் டிரைஅயோடைடு ஓரடுக்கு 45 கெல்வினுக்குக் கீழேதான் காந்தம், திறந்த காற்றில் வெளிச்சம் பட்டால் நிமிடங்களில் கரைந்துபோகும். 2022-இல் வந்த இரும்பு-காலியம்-டெல்லூரியம் காந்தம் 350 கெல்வினுக்கு மேலும் காந்தமாக இருக்கிறது. ஆனால் அதன் மெல்லிய அடுக்குகளுக்கும் நீரும் ஆக்சிஜனும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் கீழே வைத்த குளோவ் பாக்ஸ்தான் (காற்றுப் புகாத, கையுறை பொருத்திய பெட்டிதான்) சரியான இடம்.

அளவீட்டு அமைப்பு. லேசர், வரிசையில் அதன் துணைக்கோடுகளை நீக்கும் குறும்பட்டை வடிகட்டி, நல்ல தளவிளைவாக்கி, தளவிளைவைக் குலைக்காத கற்றைப் பிரிப்பான், 45 டிகிரியில் நிறுத்திய கால் அலைத் தகடு, பிறகு 50 மடங்கு நெடுந்தொலைவு பொருளருகு லென்ஸ். கால் அலைத் தகடு லென்ஸுக்கு முன்னால் கடைசி உறுப்பாக இருக்க வேண்டும். அதற்குப் பின்னால் 45 டிகிரியில் ஓர் உலோகக் கண்ணாடி வந்தாலும் இரு கூறுகளுக்கும் வேறு வேறு கட்ட மாற்றம் தந்து வட்டத்தை நீள்வட்டமாக்கிவிடும். தகடு 633 முதல் 680 நானோமீட்டர் வரை சரியாக வேலை செய்யும் பரந்த வகையாக இருக்கட்டும், ஏனென்றால் திரும்பும் ஒளிர்வும் அதன் வழியே வருகிறது. திரும்பும் பாதையில் 640 நானோமீட்டருக்கு மேல் மட்டும் விடும் வடிகட்டி, அரை அலைத் தகடு, நிலையான பகுப்பான், நிறமாலைமானி. இரண்டு சுழிகளையும் மாறி மாறி அளக்க அரை அலைத் தகட்டை 45 டிகிரி திருப்புங்கள், பகுப்பானைத் தொடாதீர்கள். நிறமாலைமானியின் கீற்றணி ஒரு தளவிளைவை மற்றதைவிட அதிகம் விடும். பகுப்பானைத் திருப்பினால் கீற்றணியின் குணத்தைத்தான் அளப்பீர்கள்.

கல்லூரிகளில் உள்ள ஹீலியம்-நியான் லேசர்களில் பல, தளவிளைவு நிலையில்லாத வகை. தளவிளைவாக்கி வழியே விட்டால் குழாய் சூடாகும்வரை திறன் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அரை மணி நேரம் எரியவிட்டுத் தொடங்குங்கள், இரு சுழிகளையும் ஒருமுறை நீளமாக அளப்பதைவிடச் சிறுசிறு நேரமாக மாற்றி மாற்றிப் பலமுறை அளந்து சராசரி எடுங்கள். மாதிரியின்மேல் திறன் 50 மைக்ரோவாட்டைத் தாண்ட வேண்டாம். ஒளிர்வுத் திறன் 0.1 சதவீதமே ஆனாலும், இழப்பெல்லாம் போக விநாடிக்குக் கோடிக்கணக்கான ஃபோட்டான்கள் கிடைக்கும்.

வலஞ்சுழிச் செறிவிலிருந்து இடஞ்சுழிச் செறிவைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் தளவிளைவு அளவு வரும். அந்த எண்ணை நம்புவதற்கு முன் நான்கு சோதனைகள். ஏற்றும் ஒளியின் சுழியை மாற்றினால் குறி மாற வேண்டும். மாறாவிட்டால் அது கருவியின் பிழை. நேர்கோட்டுத் தளவிளைவு ஒளியில் ஏற்றினால் பூஜ்யம் வர வேண்டும். துண்டுக்குப் பக்கத்தில் உள்ள வெற்றுத் தகட்டில் அளந்து பின்னணியைக் கழிக்க வேண்டும். நான்காவது எனக்கு மிகவும் பிடித்தது: சிலிக்கானின் 520.7 ராமன் கோடு இந்த லேசரில் 654 நானோமீட்டர் அருகே, ஒளிர்வின் தோளிலேயே வந்து உட்காரும். (100) முகத் தகட்டில் அந்தக் கோடு எதிர்ச்சுழிப் பாதையில் மட்டும் வர வேண்டும், மாலிப்டினம் டைசல்ஃபைடின் 404 கோடு அதே சுழியில் மட்டும் வர வேண்டும். இரண்டும் ஒழுங்காகப் பிரிந்தால் உங்கள் ஒளியமைப்பு சரி. காசில்லாமல் கிடைக்கும் அளவுகோல் இது. மாதிரியில் பட்டுத் திரும்பும் லேசர் ஒளி வடிகட்டியைத் தாண்டிக் கசிந்தால் ஒரே பாதையில்தான் சேரும். அது அளவைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும்.

அறை வெப்பத்தில் எண் சிறியதாக இருக்கும். மாதிரி, அடித்தளம், இயந்திர இழுவிசை எல்லாவற்றையும் பொறுத்துப் பெரிதும் மாறும். 77 கெல்வினுக்குப் போனால் தெளிவாக உயரும். ஜன்னல் வைத்த எளிய திரவ நைட்ரஜன் கிரையோஸ்டாட் (குளிர்கலம்) போதும். திரவ நைட்ரஜன் மாவட்டத்தில் இல்லாத பொருளல்ல: செயற்கைக் கருவூட்டலுக்கான உறைவிந்துக் குச்சிகளை வைக்கக் கால்நடை மருந்தகங்களுக்கு அது வருகிறது, அந்த விநியோகத் தடத்தை விசாரியுங்கள். குளிரூட்டும் முன் 10⁻⁴ மில்லிபாருக்கு வெற்றிடமாக்குங்கள், ஜன்னலின் வெளிப்புறத்தில் உலர் நைட்ரஜனை மெல்ல ஊதிக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் நம் காற்றில் ஜன்னல் நிமிடங்களில் பனிமூடும். 1 லிட்டர் திரவம் சுமார் 700 லிட்டர் வாயுவாகும். மூடிய ஏசி அறையில் மூச்சுத்திணறல் அபாயம் நிஜமானது. அறையின் ஜன்னலைத் திறந்து வையுங்கள், தனியாக வேலை செய்யாதீர்கள்.

எண்ணைப் படிப்பதில் ஒரு பொறி இருக்கிறது, இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நிலையான ஒளியில் அளக்கும் தளவிளைவு என்பது தொடக்க அளவை, 1-உடன் எக்சிட்டான் ஆயுளுக்கும் பள்ளத்தாக்கு ஆயுளுக்கும் உள்ள விகிதத்தைக் கூட்டிய தொகையால் வகுத்தது. இரண்டு ஆயுளும் 4 பிக்கோசெகண்ட் என்றால் பாதிதான் மிஞ்சும். குறைகள் நிறைந்த மோசமான மாதிரியில் எக்சிட்டான் 1 பிக்கோசெகண்டில் செத்துவிட்டால், பள்ளத்தாக்கு ஆயுள் மாறாமலே 80 சதவீதம் மிஞ்சும். அதாவது உயர்ந்த எண் நல்ல மாதிரிக்கு அத்தாட்சி அல்ல. கிராஃபீன் மேல் வைத்த ஓரடுக்குகள் அறை வெப்பத்திலேயே கணிசமான தளவிளைவைக் காட்டுவதும் இதனால்தான்: கிராஃபீன் எக்சிட்டானைச் சீக்கிரம் விழுங்கிவிடுகிறது. எனவே தளவிளைவோடு ஒளிர்வின் மொத்தச் செறிவையும் எப்போதும் சேர்த்தே பதிவு செய்யுங்கள். செறிவு குறையும்போது தளவிளைவு ஏறினால் ஆயுள் குறைகிறது என்று பொருள். செறிவு குறையாமல் தளவிளைவு ஏறினால்தான் உண்மையான முன்னேற்றம். பத்து மாதிரிகளுக்கு இவ்விரண்டையும் ஒரு வரைபடத்தில் வைத்தால் அதுவே நல்ல எம்.எஸ்சி. ஆய்வேடு. வாடை மாதங்களிலும் கோடையிலும் செய்த மாதிரிகளை ஒப்பிட்டால் வேறெங்கும் எளிதில் செய்ய முடியாத வேலையாகும்.

மறுபாதிக்கு வருவோம். கிராஃபீன் பட்டை, அதன் ஒரு முனையில் மாலிப்டினம் டைசல்ஃபைடு, சில மைக்ரோமீட்டர் தள்ளி கோபால்ட் மின்முனை, இடையில் 1 நானோமீட்டர் அளவு மக்னீசியம் ஆக்சைடு அல்லது ஓரிரு அடுக்குப் போரான் நைட்ரைடு தடுப்பு. தடுப்பு இல்லாவிட்டால் ஸ்பின் கோபால்ட்டுக்குள் போய்க் கலைந்துவிடும். முன்பே சொன்ன செங்குத்து ஸ்பின் இங்கேதான் குறுக்கிடுகிறது: கோபால்ட்டின் காந்தம் தளத்துக்குள் கிடக்கிறது, செங்குத்து ஸ்பினை அது உணராது. தளத்துக்குள், கோபால்ட் திசைக்குக் குறுக்காகக் காந்தப்புலம் கொடுத்தால் ஸ்பின் சுழன்று தளத்துக்குள் சாயும், அப்போதுதான் மின்னழுத்தம் தோன்றும். ஆயுள் 1 நானோசெகண்ட் என்றால் 6 மில்லிடெஸ்லா அளவில் மாற்றம் தெரியும். புலம் பூஜ்யத்தில் சைகை பூஜ்யம், புலத்தைத் திருப்பினால் குறி திரும்பும். இந்த வடிவம் வந்தால்தான் அது ஸ்பின். லேசர் சூட்டால் வரும் வெப்ப மின்னழுத்தம் சுழியைப் பொறுத்து மாறாது, அதனால் ஒளியின் சுழியை 50 கிலோஹெர்ட்ஸில் மாற்றி அதே அதிர்வெண்ணில் லாக்-இன் பெருக்கியால் படிப்பார்கள்.

இதற்கு எலக்ட்ரான் கற்றை வரைவும் உயர் வெற்றிடப் படிவும் வேண்டும். மத்திய அரசின் ஐஎன்யூபி (இந்திய நானோமின்னணுவியல் பயனர்) திட்டத்தில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், மும்பை ஐஐடி போன்ற இடங்களின் தூய்மை அறைகளை வெளிக் கல்லூரி ஆசிரியர்களும் மாணவர்களும் விண்ணப்பித்துப் பயன்படுத்தலாம். கையில் நல்ல ஒளியியல் தரவோடு போகும் விண்ணப்பத்துக்கு மதிப்பு அதிகம். மாதிரியை எடுத்துப் போகும்போது தகட்டின் மூலையில் வைரமுனையால் ஒரு கீறல் போட்டு, அதிலிருந்து ஒவ்வொரு துண்டின் இடத்தையும் 5, 20, 50 மடங்குப் படங்களோடு குறித்து வையுங்கள். ஒட்டும் ஜெல் பெட்டியில் வைத்து, சிலிக்கா ஜெல் பையோடு வெற்றிட உறையிட்டு மூடுங்கள். அங்கே போய்ச் சேர்ந்ததும், உறை அறை வெப்பத்துக்கு வரும்வரை அதைப் பிரிக்காதீர்கள். முதல் வேலையாக வெற்றிடத்தில் 200 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் சூடுபடுத்தி, கரையிலிருந்து கூடவே வந்த நீரை வெளியேற்றிவிட்டு, பிறகு கிராஃபீனை அதன்மேல் இறக்குங்கள்.